லிப்பிட் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் என்ன செய்வது? நெல்லைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் ஊசி குத்துவதும் மாலையில் கவுண்டரில் உட்கார்ந்து ரிப்போர்ட் கொடுப்பதும் என் பாடு. கொழுப்புப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ஏதாவது ஒரு எண் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தால் போதும், கவரைப் பிரித்தவர் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "அப்போ முட்டைய நிறுத்திரணுமா?"

முன்னீர்பள்ளத்து அண்ணாச்சி ஒருவர் அப்படித்தான் முட்டையை நிறுத்திவிட்டு ஆறு மாதம் கழித்து வந்தார். எண் இறங்கவில்லை, கொஞ்சம் ஏறியே இருந்தது. "ஆறு மாசமா ஒரு முட்டை தொடல தம்பி, உங்க மிசினுதான் சரியில்ல" என்று என் மேல் பாய்ந்தார். ராத்திரிக்கு என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன். "கடையடைச்சிட்டு வரும்போது நாலு பரோட்டா, சால்னா. அதுல முட்டையா கெடக்கு?"

அவருக்குக் கவுண்டரில் நின்றபடி அரைமணி நேரம் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மாத்திரை எழுதுவதும் நிறுத்துவதும் அவர்கள் வேலை. ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்வதும் அடுப்படியைச் சரிசெய்வதும் நம் கையில் இருக்கின்றன.

முதல் படி: ரத்தம் கொடுக்கும் முன்

வெறும் வயிறு என்றால் 9 முதல் 12 மணி நேரம் தண்ணீர் தவிர வேறெதுவும் உள்ளே போகக் கூடாது. "டீ மட்டும் குடிச்சேன், சீனி போடல" என்று சொல்பவர்கள் தினமும் இருக்கிறார்கள். பாலிலும் கொழுப்பு உண்டு. தண்ணீர் தாராளமாகக் குடித்துவிட்டு வாருங்கள், நரம்பு கிடைக்க எங்களுக்கும் சுலபம். மொத்தக் கொலஸ்ட்ரால் ஒருவேளைச் சாப்பாட்டால் பெரிதாக மாறிவிடாது. மாறுவது ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பு. அதனால்தான் முதல்முறைச் சோதனைக்குச் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் பரவாயில்லை என்று இப்போது சில டாக்டர்கள் சொல்கிறார்கள். உங்கள் டாக்டர் வெறும் வயிறு என்று எழுதியிருந்தால் அதையே செய்யுங்கள்.

ஊரில் கோயில் கொடை விழா முடிந்த மறுநாள் காலையில் வராதீர்கள். இதை அனுபவத்தில் சொல்கிறேன். ரத்தத்தை மிஷினில் வைத்துச் சுற்றவிட்டால் சிவப்பணுக்கள் அடியில் இறங்கிவிடும், மேலே இளமஞ்சளாகத் தெளிந்து சீரம் நிற்கும். முந்தின இரவு கிடாய்க்கறியும் குடியுமாக இருந்துவிட்டு வருகிறவர்களில் சிலருக்கு அந்தச் சீரம் வடித்த கஞ்சி போல வெளுத்துக் கலங்கி நிற்கும். கண்ணால் பார்க்க முடிகிற கொழுப்பு அது, ட்ரைகிளிசரைடு. கொலஸ்ட்ரால் மட்டும் கூடியவருக்குச் சீரம் தெளிவாகத்தான் இருக்கும். அதனால் பார்வையை வைத்து யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது. ஒருமுறை அந்தக் கஞ்சிக் குழாயை அதன் சொந்தக்காரருக்கே காட்டினேன். அவர் அன்றைக்கே கொஞ்சம் மாறிப்போனார் என்று நினைக்கிறேன். அடுத்த கொடை வரைக்குமாவது.

காய்ச்சல், பெரிய நோய், ஆபரேஷன் முடிந்த சில வாரங்களில் கொலஸ்ட்ரால் வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்டலாம். கர்ப்பிணிகளுக்கு இயல்பாகவே ஏறியிருக்கும். இப்படி ஏதாவது இருந்தால் டாக்டரிடம் சொல்லி நாளைத் தள்ளிப் போடுங்கள்.

இரண்டாம் படி: எண்களை ஒவ்வொன்றாகப் படிப்பது

ரிப்போர்ட்டில் ஐந்தாறு வரிகள் இருக்கும். எல்லாம் ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லி ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு.

மொத்தக் கொலஸ்ட்ரால் 200-க்குக் கீழே இருந்தால் நல்லது, 240-ஐத் தொட்டால் அதிகம். இந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம். நல்லது, கெட்டது இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிய எடை அது.

எல்.டி.எல். என்பதைக் கெட்ட கொலஸ்ட்ரால் என்கிறோம். டாக்டர் முதலில் பார்ப்பது இதைத்தான். வேறு நோயில்லாதவருக்கு 100-க்குக் கீழே சிறப்பு, 130 முதல் 159 வரை எல்லைக்கோடு, 160-க்கு மேல் அதிகம், 190-க்கு மேல் மிக அதிகம். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு 70 கூட அதிகம் என்று டாக்டர் சொல்வார். ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் ரிப்போர்ட்டோடு உங்களுடையதை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

எச்.டி.எல். நல்லது என்று பெயர் வாங்கியது. ஆண்களுக்கு 40-க்குக் கீழும் பெண்களுக்கு 50-க்குக் கீழும் போனால் குறைவு. ட்ரைகிளிசரைடு 150-க்குள் இருக்க வேண்டும். 200-ஐத் தாண்டினால் அதிகம். 500-ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும், அப்போது தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இனி ஒரு உள்விஷயம். பல ரிப்போர்ட்டுகளில் எல்.டி.எல். நேரடியாக அளந்த எண் கிடையாது, கணக்குப் போட்டு வந்தது. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐக் கழித்து, ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். மொத்தம் 238, எச்.டி.எல். 38, ட்ரைகிளிசரைடு 250 என்று வையுங்கள். 250-இல் ஐந்தில் ஒன்று 50. 238-இலிருந்து 38-ம் 50-ம் போனால் 150. இதுதான் எல்.டி.எல். ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டிவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது, நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும். இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு கவுண்டரில் கேட்டுப் பாருங்கள், எங்களுக்கே உங்கள் மேல் ஒரு மரியாதை வரும்.

இன்னொரு கழித்தலையும் நீங்களே செய்யலாம். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐ மட்டும் கழியுங்கள். மேலே சொன்னவருக்கு 200 வரும். ரத்தக்குழாய்க்குக் கெடுதல் செய்யும் எல்லா வகையும் சேர்ந்த எண் இது. எல்.டி.எல்.-க்கு எந்த இலக்கோ, அதைவிட 30 கூட்டியது இதற்கான இலக்கு. வெறும் வயிறாக இல்லாவிட்டாலும் இது பெரிதாக மாறாது.

நம் பக்கத்து ரிப்போர்ட்டுகளில் நான் அடிக்கடி பார்ப்பது வேறொரு கூட்டணி: எல்.டி.எல். அவ்வளவு மோசமில்லை, ஆனால் ட்ரைகிளிசரைடு ஏறியும் எச்.டி.எல். இறங்கியும் இருக்கும். இந்தியர்களிடம் பரவலாகக் காணப்படும் அமைப்பு இது. சோறு, மைதா, சீனி, தொந்தி, உட்கார்ந்த வேலை, சர்க்கரை நோய் எல்லாம் இதன் பின்னால் நிற்கும். எல்.டி.எல். காரணமில்லாமல் திடீரென்று ஏறியிருந்தால் தைராய்டையும் ஒருமுறை பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் அது ஏறும்.

மூன்றாம் படி: எது உள்ளிருந்து, எது வெளியிலிருந்து

கொலஸ்ட்ரால் விஷம் கிடையாது. உடம்பின் ஒவ்வொரு செல்லின் சுவரிலும் அது இருக்கிறது. பித்தநீர், சில ஹார்மோன்கள், வைட்டமின் டி எல்லாவற்றுக்கும் அதுதான் மூலப்பொருள். உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை உடம்பே தயாரித்துக்கொள்கிறது, அதில் கல்லீரல் முக்கியமான இடம். சாப்பாட்டில் கொஞ்சம் கூடுதலாக வந்தால் பெரும்பாலோருக்குக் கல்லீரல் தன் தயாரிப்பைக் குறைத்துக்கொள்ளும்.

அப்படியென்றால் ரத்தத்தில் ஏன் ஏறுகிறது? கல்லீரலின் மேல் எல்.டி.எல்.-ஐப் பிடித்து உள்ளே இழுக்கும் கொக்கிகள் உண்டு. அவற்றைக் கண்டுபிடித்து விளக்கியதற்காகத்தான் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. நெய், பாமாயில், தேங்காய் எண்ணெய் போன்றவற்றில் நிறைய இருக்கும் நிறைவுற்ற கொழுப்பை அதிகம் சாப்பிட்டால் இந்தக் கொக்கிகள் குறைகின்றன. எல்.டி.எல். ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும், ரத்தக்குழாயின் சுவருக்குள் நுழைந்து தங்கும். சாக்கடைக் குழாயில் அழுக்கு அடைப்பது போல என்று சொல்வார்கள். உண்மையில் அடைப்பு குழாயின் சுவருக்குள்ளே வளர்கிறது. ஒருநாள் அந்தப் புடைப்பு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்தால் மாரடைப்பு. அதனால்தான் நேற்று வரை நன்றாக நடந்து போனவர் திடீரென்று விழுகிறார்.

ஆக, முட்டையில் கொலஸ்ட்ரால் எவ்வளவு என்பதைவிட, சாப்பாட்டில் நிறைவுற்ற கொழுப்பும், வனஸ்பதியில் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பும் எவ்வளவு என்ற கேள்விதான் பெரிது. முன்னீர்பள்ளத்து அண்ணாச்சி ஆறு மாதமாகக் காவல் காத்தது தப்பான வாசலில்.

நான்காம் படி: எண்ணெயை அளப்பது

இதை இன்றைக்கே தொடங்கலாம். புது எண்ணெய் பாக்கெட்டைப் பிரிக்கும் நாளை அதன்மேல் பேனாவால் எழுதுங்கள். காலியாகும் நாளையும் எழுதுங்கள். ஒரு மாதத்துக்கு எல்லா எண்ணெயையும் நெய்யையும் சேர்த்துக் கூட்டி வீட்டிலுள்ள ஆட்களால் வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்பது நல்ல இலக்கு. நான்கு பேர் வீட்டில் மாதம் 2 லிட்டர் என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று டீஸ்பூனுக்குச் சற்று மேல் வரும். எங்கள் வீட்டில் முதல் தடவை கணக்குப் பார்த்தபோது நாலே கால் லிட்டர் வந்தது. என் மனைவி நம்பவில்லை. மைனி வந்து போன வாரத்தில்தான் கூடிவிட்டது என்று பழியை அங்கே போட்டுவிட்டாள். அடுத்த மாதம் மைனி வரவில்லை, எண்ணெய் குறையவும் இல்லை.

குறைக்கச் சுலபமான வழி, தூக்கிலிருந்து நேரே சட்டிக்குச் சரிப்பதை விட்டுவிட்டு ஸ்பூனால் ஊற்றுவது. அவ்வளவுதான்.

எந்த எண்ணெய்? எல்லா எண்ணெயும் முழுக்கக் கொழுப்புதான், கிராமுக்கு 9 கலோரி. மரச்செக்கில் ஆட்டியதற்கு மணம் உண்டு, ருசி உண்டு, கொழுப்பு மட்டும் குறையாது. வித்தியாசம் கொழுப்பின் வகையில் இருக்கிறது. நல்லெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 15 சதவீதத்தை ஒட்டி, கடலை எண்ணெயில் 20 சதவீதத்தை ஒட்டி, சூரியகாந்தியில் அதைவிடக் குறைவு. ரேஷன் கடைப் பாமாயிலில் 40 சதவீதத்தை ஒட்டி. நெய்யில் 60-க்கு மேல். தேங்காய் எண்ணெயில் 90-ஐ ஒட்டி. நம் ஆச்சிமார் தோசைக்கு நல்லெண்ணெயும் பொரிக்கக் கடலை எண்ணெயும் வைத்திருந்தது நல்ல ஏற்பாடு. பாமாயில்தான் வாங்க முடியும் என்றால் அதையே அளவாக ஊற்றுங்கள், பொரிப்பதைக் குறையுங்கள்.

தேங்காய் எண்ணெய் பாட்டிலில் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று போட்டிருக்கும். அது உண்மை. செடிகொடியிலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் இருக்காது என்றே சொல்லலாம். தண்ணீர் பாட்டிலில் "எலும்பு இல்லாதது" என்று போடுகிற மாதிரி. ஒரு மேஜைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் 11, 12 கிராம் நிறைவுற்ற கொழுப்பு இருக்கிறது. நாளொன்றுக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் உச்சவரம்பே சுமார் 22 கிராம். இதைச் சொன்னால் செங்கோட்டைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தைக் காட்டுவார்கள்: "அவங்கல்லாம் அதத்தான திங்காங்க?" தேங்காய் எண்ணெய் எச்.டி.எல்.-ஐயும் கொஞ்சம் ஏற்றும் என்பது சரிதான். ஆனால் எல்.டி.எல்.-ஐயும் சேர்த்தே ஏற்றுகிறது. எச்.டி.எல்.-ஐ மட்டும் மருந்தால் ஏற்றிப் பார்த்த ஆராய்ச்சிகளில் அதனால் மாரடைப்பு குறைந்ததாகத் தெரியவில்லை.

பொரித்த எண்ணெயை ஆறவைத்து மறுபடி மறுபடி காய்ச்சாதீர்கள். மிஞ்சியதை வடிகட்டி ஓரிரு நாளுக்குள் தாளிக்கப் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள். கடைகளில் சட்டி எண்ணெய் எந்த அளவுக்குக் கெடலாம் என்பதற்கு 2018 முதல் சட்டப்படி ஒரு வரம்பு உண்டு. ஆனால் சாயங்கால வடைக்கடையில் நமக்கு இருக்கிற அளவுகோல் கண்தான். எண்ணெய் கறுத்து, கெட்டித்து, நுரைத்து நின்றால் வடை வேண்டாம், டீ மட்டும் குடித்துவிட்டு வாருங்கள்.

ஐந்தாம் படி: நம் ஊர்த் தட்டைப் பார்ப்பது

முட்டையிலிருந்தே தொடங்குவோம், பாவம். ஒரு முட்டையில் சுமார் 200 மில்லிகிராம் கொலஸ்ட்ரால், அத்தனையும் மஞ்சள் கருவில். நிறைவுற்ற கொழுப்போ ஒன்றரை கிராம்தான். நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ராலுக்கு மேல் கூடாது என்று பல காலம் சொல்லிவந்த அமெரிக்க உணவு வழிகாட்டியே 2015-2020 பதிப்பில் அந்த எண்ணைக் கைவிட்டது. வேறு நோயில்லாதவர் நாளுக்கு ஒரு முட்டை சாப்பிடுவதில் பெரிய தவறில்லை. எல்.டி.எல். மிக அதிகமாக இருப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் மஞ்சள் கருவை வாரத்துக்கு மூன்று நான்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சிலருக்கு முட்டையாலும் எண் ஏறத்தான் செய்யும், அது உடல்வாகு. தூத்துக்குடி மக்ரூன் முட்டை வெள்ளையும் முந்திரியும் சீனியும் சேர்ந்தது, அதில் கொலஸ்ட்ரால் கிடையாது. சீனி உண்டு, நிறையவே.

இறாலும் முட்டை போலத்தான்: கொலஸ்ட்ரால் உண்டு, நிறைவுற்ற கொழுப்பு மிகக் குறைவு. அதைத் தேங்காய்ப் பாலில் போடுவதும் எண்ணெயில் முக்குவதும்தான் வம்பு. ஆட்டு மூளை வேறு கதை, 100 கிராமில் ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்ட்ரால் இருக்கும். ஈரலும் அதிகம்தான். கறி வாங்கும்போது கொழுப்பை நீக்கித் தரச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருவேளை கறிக்குழம்பு யாரையும் கவிழ்த்துவிடாது. கறிக்குழம்பில் மேலே மிதக்கும் எண்ணெயைத் தோசைக்குத் தொட்டுக்கொள்வது யாரென்று உங்கள் வீட்டில் தெரியும், அவரிடம் இதைக் காட்டுங்கள்.

பரோட்டாவைப் பற்றி எழுத மனசு கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் எனக்கும் பிடிக்கும். பிசையும்போது எண்ணெய், உருட்டி ஊறவைக்கும்போது எண்ணெய், வீசும்போது எண்ணெய், கல்லில் மறுபடி எண்ணெய். அந்த எண்ணெய் பல கடைகளில் பாமாயில் அல்லது வனஸ்பதி. கம்பெனி எதுவானாலும் நமக்கு அது டால்டாதான். தாவர எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு எல்லாக் கொழுப்பிலும் மோசம், எல்.டி.எல்.-ஐ ஏற்றி எச்.டி.எல்.-ஐ இறக்கும். எண்ணெயிலும் வனஸ்பதியிலும் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்தியாவில் 2022 ஜனவரி முதல் விதி இருக்கிறது. முன்பைவிட நிலைமை மேல். பேக்கரி பப்ஸ், கிரீம் பிஸ்கட், கேக் வாங்கும்போது லேபிளில் டிரான்ஸ் கொழுப்பு எவ்வளவு என்று பாருங்கள். பரோட்டாவுக்குத் திரும்பினால், எண்ணெய் ஒரு பக்கம், நார்ச்சத்து குறைந்த மைதா மறு பக்கம், தேங்காய் அரைத்த சால்னா மேலே. நாலை இரண்டாக்கி, தினசரியை வாரத்துக்கு ஒருமுறையாக்கினாலே ரிப்போர்ட்டில் தெரியும். கோழிக்கறி தொட்டுக்கொண்டால் பொரித்ததை விட்டுக் குழம்பாக வாங்குங்கள்.

சொதி. கல்யாணம் முடிந்த மறுநாள் மாப்பிள்ளைச் சொதி சாப்பிடாமல் நெல்லைச் சைவ வீட்டுக் கல்யாணம் நிறைவாகாது, அதை நான் தொடப்போவதில்லை. வாரா வாரம் வீட்டில் வைப்பவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். கெட்டியான முதல் தேங்காய்ப் பால் 100 மில்லியில் சுமார் 20 கிராம் நிறைவுற்ற கொழுப்பு இருக்கும், அதாவது ஒருநாள் கணக்கு கிட்டத்தட்ட முழுசும். காயை மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் வேகவிட்டு, முதல் பாலைப் பாதியாக்குங்கள், பாசிப்பருப்பைக் கொஞ்சம் கூட்டினால் குழைவு வந்துவிடும். இஞ்சிப் பச்சடி தாராளமாக. கூட நொறுங்கும் உருளைக்கிழங்கு சிப்ஸில்தான் கை அடக்கம் வேண்டும்.

அல்வா: கோதுமைப் பால், சீனி, நெய். நெல்லையப்பர் கோயில் எதிரே சாயங்காலம் வரிசையில் நின்று, இலையில் சுடச்சுட 50 கிராம் வாங்கித் தின்பதோடு முடித்துக்கொண்டால் அது சந்தோஷம். ஊருக்கு வாங்கினேன் என்று அரைக்கிலோ பொட்டலத்தை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்து, போகவர ஒரு விரல் கிள்ளுவதுதான் ட்ரைகிளிசரைடுக்காரருக்கு வினை. பின்னாலேயே ஒரு கை மிக்சர் வேறு போகும்.

கருப்பட்டியும் இதே கணக்குதான். உடன்குடிக் கருப்பட்டியே ஆனாலும் உடம்புக்குள் போனால் சர்க்கரை. "நாங்க சீனியே சேர்க்கதில்ல, கருப்பட்டிதான்" என்று சொல்லும் ஆச்சிகளின் ட்ரைகிளிசரைடை நான் பார்த்திருக்கிறேன். காப்பியைப் பற்றி ஒன்று: தூளை நேரே தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து இறக்கும் காப்பியில் எல்.டி.எல்.-ஐக் கொஞ்சம் ஏற்றும் ஒரு பொருள் இருக்கிறது, காகித வடிகட்டி அதைப் பிடித்துவைக்கும். நாளுக்கு ஒன்றிரண்டு டம்ளருக்குக் கவலை வேண்டாம்.

இனி, நம் தட்டிலேயே இருக்கும் நல்லவை. தோலோடு கூடிய கறுப்பு உளுந்து போட்ட உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், எண்ணெயை அடக்கி வைத்தால் அருமையான சாப்பாடு. உளுந்து, காணம் என்கிற கொள்ளு, தட்டப்பயறு, சுண்டல், அவரை, வெண்டை, கொய்யா, வெந்தயம் ஆகியவற்றிலெல்லாம் கரையும் நார்ச்சத்து உண்டு. குடலில் பித்தநீரைப் பிடித்துக்கொண்டு அது வெளியேறும். புதுப் பித்தநீர் தயாரிக்க உடம்பு ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும். இறக்கம் சிறியதுதான், ஆனால் செலவில்லை. வாரம் இரண்டு நாள் காணத் துவையல் அரையுங்கள். ஒரு கைப்பிடி வறுத்த கடலை சாயங்கால முறுக்கின் இடத்தைப் பிடிக்கட்டும்.

மீன் விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். உவரி, இடிந்தகரை, கூட்டப்புளியிலிருந்து வரும் சாளையிலும் அயிலையிலும் ஒமேகா-3 கொழுப்பு நிறைய இருக்கிறது. விலையேறிய சீலாவைத் துண்டு போட்டுப் பொரிப்பதைவிட, மலிவான சாளையைப் புளி ஊற்றிக் குழம்பு வைப்பது மேல். வாரம் இரண்டு தடவை போதும். சைவர்கள் ஆளிவிதையைப் பொடித்துத் துவையலில் சேர்க்கலாம், மீனளவுக்கு ஈடாகாது என்றாலும்.

கடைசியாகச் சோறு. இதைத்தான் யாரும் கேட்க மாட்டேன் என்கிறார்கள். ட்ரைகிளிசரைடு ஏறியவர்களுக்கு நெய்யைவிடச் சோற்றுக் குன்றுதான் முக்கியமான எதிரி. மிஞ்சிய மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. தட்டில் முதலில் காயையும் பருப்பையும் வையுங்கள், மிச்ச இடத்தில் சோறு. பருப்புச்சோற்றில் ஒரு டீஸ்பூன் நெய்யை நான் இன்னும் விடவில்லை. மூன்றாவது தடவை சோறு வாங்குவதைத்தான் விட்டேன். குடிப்பவர்களுக்கு ட்ரைகிளிசரைடு ஏறியிருந்தால் முதல் வேலை குடியை நிறுத்துவது, மற்றதெல்லாம் அப்புறம்.

ஆறாம் படி: நடப்பது

வாரத்துக்கு 150 நிமிடம், மூச்சு லேசாக வாங்கும் வேகத்தில். காலையில் வ.உ.சி. மைதானத்துப் பக்கம் போனால் கூட்டம் இருக்கும், துணைக்குக் குறைவில்லை. நடந்து முடித்துவிட்டு வாசலில் வடை தின்னாமல் வீடு வந்தால் சரி. எடையில் 5, 10 சதவீதம் குறைந்தாலே ட்ரைகிளிசரைடு நன்றாக இறங்கும். புகைப்பவர்கள் நிறுத்தினால் எச்.டி.எல். கொஞ்சம் ஏறும். அதைவிடப் பெரிய லாபம் மாரடைப்பு ஆபத்து குறைவது.

ஏழாம் படி: மாத்திரை என்று டாக்டர் சொன்னால்

சாப்பாட்டுக் கட்டுப்பாட்டால் எல்.டி.எல். ஓரளவுதான் இறங்கும். 190-க்கு மேல் இருப்பவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், 40 வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகள் போன்றவர்களுக்குப் பொதுவாகக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை எழுதுவார்கள். ஜப்பானில் அகிரா எண்டோ என்பவர் 1970-களில் ஒரு பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாடினைக் கண்டெடுத்தார். கல்லீரலின் தயாரிப்பை அது மட்டுப்படுத்தும், மேலே சொன்ன கொக்கிகளையும் கூட்டும். அரசு மருத்துவமனைகளில் அடோர்வாஸ்டாடின் என்ற ஸ்டாடின் விலையில்லாமல் கிடைக்கிறது.

இதில் நான் அதிகம் பார்க்கும் தப்பு: மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டு, ரிப்போர்ட் நார்மல் என்று வந்ததும் தாங்களாகவே நிறுத்திவிடுவது. மாத்திரையால்தான் நார்மல். நிறுத்தினால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே போய்விடும். உடம்பு வலி, தசை வலி அதிகமாக இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார். கர்ப்பிணிகளும் குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் கட்டாயம் சொல்ல வேண்டும். மச்சான் சாப்பிடும் மாத்திரையை வாங்கிச் சாப்பிடுவது வேண்டவே வேண்டாம்.

பூண்டு, இஞ்சி, எலுமிச்சைச் சாறு, வினிகர், தேன் கலந்து காய்ச்சினால் இதய அடைப்பு கரைந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருடக்கணக்காகச் சுற்றுகிறது. துவையலாக அரைத்தால் நன்றாக இருக்கும், அடைப்பு கரையாது. அதை நம்பி மாத்திரையை விட்ட ஒருவரை எனக்குத் தெரியும். அவர் இப்போது நெஞ்சில் ஸ்டென்ட்டோடு மூன்று மாத்திரை சாப்பிடுகிறார்.

குடும்பத்தில் யாருக்காவது இளவயதிலேயே மாரடைப்பு வந்திருந்தால், அல்லது கண்ணிமையில் மஞ்சள் திட்டோ குதிகால் தசைநாரில் கட்டியோ இருந்தால், அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பிறவியிலேயே எல்.டி.எல். ஏறியிருக்கும் குடும்பங்கள் உண்டு, சுமார் 250 பேரில் ஒருவருக்கு இது இருக்கும். ஒல்லியாக இருப்பார்கள், வாழ்நாளெல்லாம் சைவமாகக் கூட இருப்பார்கள், எண் மட்டும் 200-க்கு மேல் நிற்கும். அவர்களிடம் போய் "என்னத்தத் தின்னீங்க" என்று கேட்பது அநியாயம். அவர்களுடைய பிள்ளைகளுக்கும் சோதனை செய்ய வேண்டும்.

நெஞ்சை அமுக்கும் வலி, இடக்கைக்கோ தாடைக்கோ இறங்கும் வலி, குப்பென்று வியர்வை என்றால் ரிப்போர்ட்டைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், வாயு என்று சோடாவும் குடிக்க வேண்டாம். 108-க்குக் கூப்பிடுங்கள்.

எட்டாம் படி: மறுபடி சோதனை

சாப்பாட்டை மாற்றினாலும் மாத்திரை தொடங்கினாலும் பலன் தெரிய சில வாரம் ஆகும். ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் டாக்டர் சொல்லும் நாளில் மறுபடி பாருங்கள். முடிந்தவரை அதே பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள், இடத்துக்கு இடம் எண் கொஞ்சம் மாறும். ஒரே ஆளுக்கே நாளுக்கு நாள் ஐந்து பத்து முன்பின் இருக்கும், 132 போய் 128 ஆனதற்கு அல்வா வாங்கிக் கொண்டாட வேண்டாம்.

பழைய ரிப்போர்ட், எண்ணெய்க் கணக்கு எழுதிய தாள், சாப்பிடும் மாத்திரையின் அட்டை மூன்றையும் ஒரே கவரில் போட்டு டாக்டரிடம் எடுத்துப் போங்கள். அந்த முன்னீர்பள்ளத்து அண்ணாச்சி அடுத்த முறை அப்படித்தான் வந்தார். ட்ரைகிளிசரைடு 310-இலிருந்து 190-க்கு வந்திருந்தது. ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அப்போ முட்டை திங்கலாம்லா?" என்றார்.

தின்னுங்கள் என்றேன். நாங்கள் காலை ஆறரைக்குத் திறந்துவிடுவோம். வருகிற வழியில் டீ மட்டும் குடித்துவிடாதீர்கள்.